இரட்டைப் பிணைப்பைக் கண்டறிவது எப்படி?

ஈத்தேன், எத்திலீன் இரண்டுமே நிறமற்ற வாயுக்கள். இரு சாடிகளில் அடைத்து மேசைமேல் வைத்தால் எது எதுவென்று கண்ணால் சொல்ல இயலாது. ஈத்தேனின் இரு கார்பன் அணுக்களுக்கிடையே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. புதிதாக ஓர் அணுவைச் சேர்த்துக்கொள்ள அதில் இடமில்லை. எத்திலீனிலோ இரட்டைப் பிணைப்பு இருப்பதால், அவற்றுள் ஒன்று விடுபட்டு வேறு அணுக்களை ஏற்கும். இத்தகையவையே நிறைவுறா ஹைட்ரோகார்பன்கள்.

செம்பழுப்பான புரோமின் நீரை எத்திலீன் சாடியில் ஊற்றிக் குலுக்கினால் நிறம் மறைந்துவிடுகிறது. ஈத்தேன் சாடியில் மறைவதில்லை. புரோமின் ஆவி கண்ணையும் தொண்டையையும் தாக்குமாதலால் சிஸ்டரே இதைச் செய்து காட்டினார். நாங்கள் சற்று விலகி நின்றே பார்த்தோம்.

நிறம் மறைந்ததுமே முடிவு கட்டிவிடலாமா? கூடாது! சாராயத்துடன் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி எத்திலீன் தயாரிக்கும்போது கந்தக டை ஆக்சைடும் கூடவே வருகிறது. அதுவும் புரோமின் நீரை நிறமிழக்கச் செய்யும். ஆகவே வாயுவை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் வழியே செலுத்திக் கழுவவேண்டும். சோதனையைவிட இந்தக் கழுவுதலே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது, ஜெர்மானிய அறிஞர் பேயரின் பெயரால் வழங்கும் சோதனை. இவர் 1905ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். குளிர்ந்த, நீர்த்த, காரம் கலந்த பொட்டாசியம் பர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறைந்து, பழுப்பு வீழ்படிவு உண்டாகும்.

அசெட்டிலீனும் இவ்விரு சோதனைகளுக்கும் உடன்படும். அதைப் பிரித்தறிய, அமோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் செலுத்தினால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். எத்திலீன் இதைத் தராது. இவ்வீழ்படிவு உலர்ந்தால் வெடிக்கும். எனவே ஈரமாக இருக்கும்போதே நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றி அழித்துவிடவேண்டும்.

நம் வீட்டு எண்ணெய்கள் ஹைட்ரோகார்பன்கள் அல்ல; ஆயினும் அவற்றிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறதோ அதுவே அதன் அயோடின் எண். ஹூபுல் என்பவர் 1884இல் இம்முறையை வகுத்தார். தேங்காய் எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 10. நல்லெண்ணெய்க்கோ 100க்கும் மேல். தேங்காய் எண்ணெயில் பாமாயிலையோ கடலை எண்ணெயையோ கலந்தால் எண் உயர்ந்து கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயின் எண் தேங்காய் எண்ணெயை நெருங்கி நிற்பதால், அதைக் கலந்திருந்தால் இச்சோதனை மட்டும் போதாது.