ஓர் ஈ ‘புதிய இனம்’ ஆவது எப்படி?

சாலவாக்கம் பக்கம் சம்பா நெல் தூர் கட்டும் நாட்களில் வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டால், விவசாயிகள் குருத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இலை விரியாமல் உருண்டு வெளிறி நீண்டிருந்தால் அது ‘வெங்காய இலை’. அந்தத் தூரில் இனி கதிர் வராது. ஆனைக்கொம்பன் ஈயின் புழு உள்ளே வளர்முனையைத் தின்றுகொண்டிருக்கிறது.

கொசுவைப் போன்ற இந்த ஈயின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வுட்-மேசன் 1889-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். இன்றைய அறிவியல் பெயர் ஆர்சியோலியா ஒரைசே. இவ்வளவு சிறிய ஈ ஒன்று தனி இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நம் அஞ்சறைப்பெட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

மளிகைச் சாமானோடு பெயர் தெரியாத ஒரு விதை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1. இருப்பதோடு ஒப்பிடுவது

சீரகமா, சோம்பா, ஓமமா என்று ஒவ்வொரு கிண்ணத்தோடும் சேர்த்துப் பார்ப்போம். ஆய்வாளரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவருடைய பெட்டி மிகப் பெரியது. ஆனைக்கொம்பனின் குடும்பமான செசிடோமையிடேயில் மட்டும் இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. கையிலிருக்கும் ஈ சேரும் பேரினத்தில் இதுவரை வெளியான விவரிப்புகளையெல்லாம் படித்து, அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகே ‘இது வேறு’ என்று சொல்ல முடியும்.

2. நுணுகிப் பார்ப்பது

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் விதையைக் கசக்கி முகர்வோம், உடைத்து உள்ளே பார்ப்போம். ஈயை 70 சதவீத ஆல்கஹாலில் பாதுகாத்து, பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறார்கள். தசை கரைந்து மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாகிவிடும். நீரை அகற்றி, கிராம்பு எண்ணெயில் தோய்த்து, கனடா பால்சம் பிசினில் பதித்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். உணர்கொம்பின் கணுக்கள், சிறகு நரம்புகள், ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை அளந்து வரைகிறார்கள். வெளியே ஒன்றுபோல் தெரியும் ஈக்களைப் பெரும்பாலும் இந்தக் கடைசி உறுப்புதான் பிரித்துக் காட்டும். இன்று ஒரு காலிலிருந்தே டிஎன்ஏ எடுத்து, ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுப் பகுதியையும் ஒப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் அஞ்சறைப்பெட்டி போதாது. சீரகம் என்றும் சீரகமாகவே இருக்கும். ஈயோ புழு, கூட்டுப்புழு, ஆண், பெண் என்று நான்கு உருவம் காட்டும். அதனால் வெங்காய இலையைப் பறித்துவந்து, குழாயில் ஈரப்பஞ்சோடு வைத்து, அதிலிருந்து வெளிவரும் ஈயையும் அது விட்டுப்போகும் கூட்டையும் சேர்த்தே சேமிக்கிறார்கள்.

3. மாதிரி எடுத்து வைப்பது

புது விதையில் கொஞ்சம் தனி டப்பாவில் போட்டு வைப்போம். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட வேண்டுமே! ஈக்களில் ஒன்றை ‘ஹோலோடைப்’, அதாவது பெயருக்குரிய மூல மாதிரி என்று தேர்ந்தெடுத்து, ஊர், தேதி, பயிர், சேகரித்தவர் எழுதிய சீட்டோடு ஓர் அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் மூல மாதிரியைக் குறிப்பிடாத புதிய இனப்பெயர் செல்லாது.

4. பெயர் எழுதி ஊருக்குச் சொல்வது

டப்பாவில் பெயர் எழுதினால் நம் வீட்டுக்கு மட்டுமே தெரியும். விலங்கியல் பெயரீட்டுக்கான சர்வதேச விதிகளின்படி, விவரிப்பும் இரட்டைப் பெயரும் முறையாக அச்சிலோ, பதிவுசெய்த மின்னிதழிலோ வெளியாக வேண்டும். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர் உலகத்துக்கே பொது.

இவ்வளவு பாடு எதற்கு?

மேற்கு ஆப்பிரிக்க நெல்வயல்களிலும் இதேபோல வெங்காய இலை தோன்றியது. நெடுங்காலம் அதை உண்டாக்கிய ஈயையும் ஆசிய ஆனைக்கொம்பன் என்றே கருதினார்கள். ஆனால் ஆசியாவில் எதிர்ப்புத் திறன் காட்டிய நெல் ரகங்களில் பெரும்பாலானவை அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. 1982-இல் பூச்சியியல் ஆய்வாளர்கள் ஹாரிஸ், கான்யே இருவரும் முதிர்ந்த ஈயிலும் கூட்டுப்புழுவிலும் இருந்த நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டி, அது ஆர்சியோலியா ஒரைசிவோரா என்ற தனி இனம் என்று நிறுவினார்கள். அதன் புழுவை அழிக்கும் பிளாட்டிகேஸ்டர் குளவிகூட ஆசியக் குளவியிலிருந்து வேறான இனம். அந்த ஈயை எதிர்க்கும் நெல் ரகத்தை அங்கேயே தேட வேண்டும் என்பதற்கான காரணம் அப்போதுதான் தெளிவானது.

பெயரிடும் வேலை இன்னும் மலைபோல் மிஞ்சியிருக்கிறது. செசிடோமையிடே என்ற இந்த ஒரு குடும்பத்தில், கனடாவில் மட்டுமே 16,000 இனங்கள் இருக்கக்கூடும் என்று 2016-இல் ஒரு டிஎன்ஏ ஆய்வு மதிப்பிட்டது. வெப்பமான நம் நாட்டு வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பெயரில்லாத ஈக்கள் எத்தனையோ இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்லும் வகைப்பாட்டியல் ஆய்வாளர்கள் நமக்கு நிறையத் தேவை. பூச்சியியல் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இது வாழ்நாள் முழுக்கச் செய்யத்தக்க வேலை.

வயலில் பழக்கமில்லாத வீக்கமோ ஈயோ கண்ணில் பட்டால், மருந்தடிக்குமுன் சிலவற்றைப் பிடித்து மூடிய குப்பியில் போடுங்கள். ஊர், தேதி, பயிர் மூன்றையும் பென்சிலால் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, வேளாண் அலுவலரிடம் கொடுங்கள். அந்தச் சீட்டு இல்லாத மாதிரி ஆய்வாளருக்கு அதிகம் உதவாது.