மருத்துவர் பதிவேடு

ஆடை வாங்குவோர் அதன் நூலைத் தொட்டுப் பார்ப்பர். நெல் கொள்வோர் ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்ப்பர். நோயுற்றவரோ மருத்துவரின் கல்வியை அவ்வாறு சோதித்தறிய வல்லவர் அல்லர். ஆதலின், இன்னார் முறையாகக் கற்ற மருத்துவர் என அறிவிக்கும் கடமையை அரசே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் 1858-ஆம் ஆண்டு இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த பொது மருத்துவ மன்றம், தகுதியுடையோர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தது. பதிவு பெறாதார் மருத்துவம் செய்தலை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் அவர் தம்மைப் பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளலாகாது. கட்டணம் தராதவர்மீது வழக்குத் தொடுத்தலும் இயலாது.

பதிவு பெற்றவர் நெறி தவறின் செய்வது யாது? குற்றத்திற்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், தொழிலுக்கு இழுக்கான நடத்தை உடையவர் ஆகியோரின் பெயரை நீக்கும் அதிகாரம் மன்றத்திற்கு இருந்தது. எது இழுக்கு என்பதைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. மருத்துவர்களே நிறைந்த அம்மன்றத்தின் முடிவுக்கே அதனை விட்டது.

அச்சட்டம் தோன்றிய ஆண்டிலேயே பிறந்தவர் டாக்டர் அல்லின்சன். தவிடு நீக்காத கோதுமை ரொட்டியும் காய்கனிகளுமே நல்லுணவு என்றும், புகையிலை தீது என்றும் அவர் ஓயாது எழுதி வந்தார். அவ்வளவில் நின்றிருந்தால் வழக்கே எழுந்திராது. பிற மருத்துவர்கள் தரும் மருந்துகள் நஞ்சே எனப் பழித்து, நோயாளிகள் தம்மிடமே வருமாறு விளம்பரமும் செய்தார். 1892-இல் மன்றம் அவர் பெயரை நீக்கியது. அவர் நீதிமன்றத்தை நாடினார். நற்பெயரும் திறமையும் உடைய உடன்தொழிலர் எதனை இழிவெனக் கருதுவரோ அதுவே இழுக்கு என்றும், மன்றம் முறையாக ஆராய்ந்து சான்றின்மேல் செய்த முடிவை நீதிமன்றம் மாற்றாது என்றும் 1894-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

அல்லின்சன் கூறிய உணவு முறையை இக்கால மருத்துவரும் பெரிதும் உடன்படுவர். எனினும் அவ்வழக்கில் அவர் சொல்லின் வாய்மை ஆராயப்படவில்லை. அவர் நடந்துகொண்ட முறையே ஆராயப்பட்டது. நோயால் அஞ்சியிருப்போரை விளம்பரத்தால் ஈர்த்தல் எளிது. ஆதலின் அத்தடை நோயாளிக்கும் அரணே. ஆனால் தம்மைப் பழித்தவரைத் தாமே விசாரிக்குங்கால் மனம் கோடாதிருத்தல் அரிது அன்றோ! மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 1950-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. மிகவும் காலம் தாழ்ந்து வந்த திருத்தம் அது.

பெயர் நீங்கிய பின்னரும் அல்லின்சன் மருத்துவம் செய்துவந்தார். 1914-இல் இலண்டனில் விலாப்புற நோயால் வருந்திய காந்தியடிகள், பால் பருகாமலே நலம் பெற வழி வேண்டி அவரை அழைத்தார். தவிட்டு ரொட்டியும் பச்சைக் காய்களும் பழங்களும் உண்ணுமாறும், சாளரங்களை இரவும் பகலும் திறந்து வைக்குமாறும் அல்லின்சன் கூறினார்.

அதே 1914-இல் சென்னை மாகாணத்திலும் மருத்துவர் பதிவுச் சட்டம் பிறந்தது. இப்பொழுது தமிழ்நாட்டு மருத்துவர்களின் பதிவேட்டைத் தமிழ்நாடு மருத்துவ மன்றம் பேணுகின்றது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமோ பிரிட்டன் சட்டத்தினும் கடுமை வாய்ந்தது. பதிவின்றி ஆங்கில மருத்துவம் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடந்தருகின்றது. பெயர் நீக்கப்பெற்ற ஒருவர் அல்லின்சனைப் போல் நோயாளியின் வீடு சென்று மருத்துவம் செய்தல் இந்நாட்டில் இன்று இயலாது.