பால் தொட்டியும் மெருகும்

கூட்டுறவுச் சங்கங்களில் பாலைச் சேர்த்துக் குளிர வைக்கும் தொட்டிகள் துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்படுகின்றன. பாலைத் தொடும் பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு மிகலாகாது என்பது பால் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவாகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாவின் பருமனும் ஏறத்தாழ அவ்வளவே. ஆழ்ந்த கீறல்களில் பாற்படிவும் கிருமிகளும் தங்கிவிட்டால், கழுவிய பின்னரும் அவை எளிதில் அகலா. அடுத்த வேளைப் பால் கெடும்.

வேண்டிய வழவழப்பு மூன்று நிலைமைகளைப் பொறுத்தது. முதலாவது, தேய்ப்புத் துகளின் பருமன். பெருந்துகள் விரைவாகத் தேய்க்கும். ஆனால் ஆழமான கீறலை விட்டுச் செல்லும். எனவே 80, 120, 180, 240 என்னும் எண்களில் படிப்படியாக நுண்துகளுக்குச் செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல்கள் எஞ்சியிருப்பின் அவை புலப்படும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் பளபளப்பு வரும். கீறலோ அடியில் நிற்கும்.

இரண்டாவது, அழுத்தமும் வேகமும். இவை மிகுந்தால் உலோகம் சூடேறி நிறம் மாறும். துருவை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். மூன்றாவது, தூய்மை. சாதாரண எஃகைத் தேய்த்த சக்கரத்தையே இதற்கும் பயன்படுத்தினால், இரும்புத் துகள்கள் பதிந்து துருப்பிடிக்கும்.

ஆதலின், தொட்டியை ஏற்கும் அலுவலர் பளபளப்பைக் கண்டு நிறைவடையலாகாது. ஊசிமுனையைப் பரப்பின்மீது நகர்த்தி அளக்கும் கருவியைக் கொண்டு, குறிப்பாகப் பற்றவைத்த இணைப்புகளைச் சோதித்தல் வேண்டும். சோதனைக்கு ஆகும் நேரம் சிறிது. பால் கெட்டால் நேரும் இழப்போ உழவர் குடும்பங்களைச் சேரும்.