மெஷின் வெட்டிய மயில் யாருக்குச் சொந்தம்?

துணியில் ஒட்டும் கல்லைக் கடையில் எஸ்எஸ்10 என்ற அளவில் கேட்டால், கிடைப்பது ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் இருக்கும். அது உட்காருவதற்காக, டெம்ப்ளேட் ஷீட்டில் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய வட்டங்களைக் கட்டிங் மெஷின் வெட்டித் தருகிறது. ஷீட்டை அட்டையில் ஒட்டி, கல்லை அள்ளிப் போட்டு, பிரஷ்ஷால் சுழற்றித் தேய்த்தால் குழிக்கு ஒரு கல்லாகப் போய் உட்காரும். டேப்பில் ஒற்றி எடுத்து, துணியில் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால் ஜாக்கெட் முதுகில் மயில் தயார். ஒரே டெம்ப்ளேட்டில் அதே மயிலைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். சட்டச் சிக்கல் தொடங்குவதும் இந்தத் திரும்ப எடுப்பதில்தான்.

நாமே வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை தானாக வந்துவிடும், பதிவெல்லாம் தேவையில்லை என்று வீட்டிலிருந்து ஸ்டோன் ஒர்க் செய்யும் பலர் நம்புகிறார்கள். படம் தாளில் இருக்கும் வரை அது சரி. ஆனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமலே, தொழில்முறைத் தயாரிப்பில் 50 முறைக்கு மேல் பொருளில் எடுத்துவிட்டால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை அதோடு போய்விடும். ரிதிகா என்ற ஆடை நிறுவனம் பீபா என்ற மற்றொரு ஆடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் பதிவு செய்யாத ஆடை வடிவங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றது. டெம்ப்ளேட்டும் ஹீட் பிரஸ்ஸும் கொண்டு செய்ததைக் கைவேலை என்று சொல்லித் தப்ப முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தீபாவளி சீசனில் 50 ஜாக்கெட் என்பது பெரிய எண்ணிக்கையும் இல்லை.

இதற்கு வழி, 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்வது. முதலில் 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகள் பாதுகாப்பு கிடைக்கும். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். யாராவது அப்படியே காப்பியடித்தால் அவர் விற்கக்கூடாது என்று தடை வாங்கலாம். ஒரு வடிவமைப்புக்கு 50,000 ரூபாய் வரை கோரலாம், அல்லது இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். நிபந்தனை ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்த டிசைன் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. ஆர்டர் பிடிக்க நாம் முதலில் செய்வதோ இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது! எல்லா டிசைனையும் பதிவு செய்ய யாராலும் முடியாது. சீசன் முழுக்க ஓடும் என்று மனசு சொல்லும் ஒன்றிரண்டை மட்டுமாவது விண்ணப்பம் போட்ட பிறகு வெளியே காட்டுங்கள்.

நம் டிசைனுக்கு இவ்வளவு என்றால், அடுத்தவர் டிசைனுக்கும் அதே மரியாதை உண்டு. கார்ட்டூன் பொம்மை, ஐபிஎல் அணியின் சின்னம், நடிகரின் முகம் ஆகியவற்றைத்தான் வாடிக்கையாளர்கள் போனில் காட்டி, “இதே மாதிரி கல் வெச்சுக் குடுங்கக்கா” என்பார்கள். கேட்டவர் வாடிக்கையாளர் என்பதால் செய்தவர் பொறுப்பு நீங்காது. பதிப்புரிமை மீறலுக்கும் போலி வணிகச் சின்னத்துக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் படத்தில் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், பிரபலங்களுக்கு ஆளுமை உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-இலேயே ஏற்றது. காசு கொடுத்து வாங்கிய டிசைன் ஃபைலிலும் கவனம் வேண்டும். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று விற்ற ஃபைலை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. உரிம விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து பணம் கட்டவும் வேண்டாம், கிடக்கட்டும் என்று விடவும் வேண்டாம். அந்த டிசைனை நிறுத்திவிட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100.

கட்டிங் மெஷின் வாங்கும்போது அதன் மென்பொருளையும் விசாரியுங்கள். சில்லவுட் நிறுவன மெஷினோடு இலவசமாக வரும் மென்பொருளில் ஸ்டோன் டிசைன் வசதி கிடையாது. அதற்கு டிசைனர் எடிஷனைத் தனியாக வாங்க வேண்டும். இன்னொரு மெஷின் தயாரிப்பாளரான கிரிகட் நிறுவனம் 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படம்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது; பயனாளர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கியது. குறையுள்ள மெஷினைத் தந்துவிட்டு, “நீங்க வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள்.

கடைசியாகக் கல். கண்ணாடிக் கல்லின் பளபளப்பைக் கூட்ட ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். குழந்தைகள் பொருளில் பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் விதி. கிரிஸ்டல் கற்களுக்கு விலக்குக் கேட்டபோது 2009-இல் அங்கே மறுத்துவிட்டார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். துவைக்கத் துவைக்கக் கல் உதிரும். உதிர்ந்த கல் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். ஆய்வக அறிக்கை காட்டாத கல்லைக் குழந்தை உடுப்புக்கு வாங்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடுப்பென்றால், அறிக்கை இருந்தாலும் கல்லே வேண்டாம் என்று ஆர்டர் தருபவரிடம் சொல்லிவிடுங்கள்.