முகம் கறுத்துப்போன படம்

திருப்பதியிலிருந்து தென்கிழக்கே, புத்தூருக்கு அருகில் உள்ளது நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசப் பெருமாள் மணம் புரிந்த ஊர் இதுவே என்பது தலபுராணம். ஆதலின் கல்யாண வேங்கடேசுவரர் கோயிலை நாடித் திருமணம் முடிக்க வருவோர் பலர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த வட்டாரம் அது. 2022இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. நமக்கு அயலூராகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

பூனாவில் இரண்டு தலைமுறையாக வாழும் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காக நாம் அங்கே சென்றிருந்தோம். முகூர்த்தம் முடிந்ததும் குடும்பத்தார் அனைவரும் வெளியே கோபுரத்தைப் பின்புறமாகக் கொண்டு நின்றனர். ஆடவர் யாவரும் வெள்ளை வேட்டி. நடுவில் மணப்பெண்ணின் பாட்டியார், நல்ல கறுப்பு நிறத்தவர். பின்னே பளிச்சென்ற வானம். டிஜிட்டல் காமிரா நம் கையில்தான் இருந்தது. படத்தில் மேகமும் கோபுரமும் வெகு அழகாக விழுந்திருந்தன. பாட்டியார் முகம் இருந்த இடத்தில் மட்டும் கரி அப்பினாற்போல ஓர் இருள். பின்னர் கணினியில் அவ்விருளை ஏற்றிப் பார்த்தோம். முகம் ஓரளவு வந்தது. கூடவே மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் வந்தன.

காமிரா பழுதன்று. வெண்மை எது, கருமை எது என்பதை அது அறியாது. வரும் ஒளியை மட்டுமே அளக்கும். எந்தக் காட்சியும் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமே, அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதே, என்ற அனுமானத்தின் மேல் ஒளிமானிகள் எழுந்தன. வெளுத்த வேட்டி ஒன்றைச் சட்டம் நிறைய எடுத்தால் அது சாம்பலாய் மங்கும். கருங்கல் தூணை அவ்வாறு எடுத்தால் அதுவும் வெளிறிச் சாம்பலாகும். இன்றைய காமிராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கின்றன. முகத்தைக் கண்டுகொள்வனவும் உண்டு. ஆயினும் வானமும் வேட்டிகளும் சேர்ந்தால் அவையும் ஏமாறுகின்றன.

இந்தப் பிழையை நாம் திருத்தும் வழியே எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்பது. ஒளிச் சரிக்கட்டு எனலாம். காமிராவில் கூட்டல், கழித்தல் குறிகள் உள்ள பொத்தானோ திருகோ அதற்கு உண்டு. +1 என்றால் ஒளி இருமடங்கு. −1 என்றால் பாதி. இடையே மூன்றில் ஒரு பங்காக நகர்த்தலாம். துவாரத்தை நாம் நிர்ணயிக்கும் முறையில், ஷட்டர் விநாடியில் 250இல் ஒரு பங்கு திறந்திருந்தால், +1 வைத்ததும் 125இல் ஒரு பங்காகும். எல்லாவற்றையும் கையால் அமைக்கும் முறையில் பெரும்பாலும் இதற்கு வேலையில்லை. ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டால் சில காமிராக்களில் பலிக்கும். கைப்பேசியிலோ, முகத்தின் மேல் விரலால் தொட்டால் பலவற்றில் சிறு சூரியன் தோன்றும். அதனை மேலே தள்ளுவதே கூட்டல்.

புதியவர் இங்கேதான் தடுமாறுவர். வெள்ளை மிகுந்த காட்சிக்கு ஒளியைக் குறைக்கவே கை போகும். கூட்ட வேண்டும் என்பதே சரி. கருமை மிகுந்ததற்குக் குறைக்க வேண்டும். அதே பாட்டியாரை நெருங்கி, முகம் மட்டும் நிறையும்படி எடுத்தால் காமிரா அவரை வெளிறச் செய்யும். அங்கே மூன்றில் இரண்டு பங்கு கழித்தால்தான் அவருடைய நிறம் அவருக்குக் கிடைக்கும். ஒரே முகம் ஓரிடத்தில் கரியாகவும் மற்றோரிடத்தில் சாம்பலாகவும் விழுவது விந்தையன்றோ! வண்ணப் பிலிம் காலத்திலும் இக்குறை இருந்தது. படம் அச்சிடும் கூடங்களில் நிறத்தை ஒப்பிட வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் பொறித்த ‘ஷெர்லி’ அட்டைகளையே நெடுங்காலம் வைத்திருந்தனர். கூட்டல் பொத்தான் மாநிறத்தாரைச் சிவப்பாக்குவதற்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அதற்கு நாம் உடன்படோம்.

சரிக்கட்டுக்கு விலையும் உண்டு. +1 வைத்தால் முகம் தெளியும், வானம் வெளுத்துப்போகும். அறவே வெளுத்த இடத்தை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைக் காகித நெகட்டிவில் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கும் இதே தொல்லை இருந்தது. வெறுமையாய் விழும் வானத்தில் அவர் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. முகமா, வானமா என்றால் திருமணத்தில் நாம் முகத்தையே கொள்வோம். வேலை முடிந்ததும் திருகைப் பூச்சியத்துக்குத் திருப்ப மறவாதீர். மறந்து, மறுநாள் படங்கள் முழுவதையும் வெளிறடித்த அனுபவமும் நமக்குண்டு.

அன்று மாலை, ஊருக்குப் புறப்படுமுன், தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புச் சுவரோரம் பாட்டியாரை அமர்த்தி, +1 வைத்து இன்னொரு படம் எடுத்தோம். அடுத்த ஆண்டு அவர் இல்லை. பூனா வீட்டுக் கூடத்தில் இன்று மாட்டியிருப்பது அந்தப் படந்தான். மூக்குத்திக் கல்கூடத் தெரிகிறது. கோபுரம் அதில் இல்லை. பேரன் பேத்தியரும் இல்லை.