முற்றத்து மூலிகை: மூத்தோர் தந்த அமானிதம்



1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்தும் முசலிக் கரையோரத்திலிருந்தும் நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வீடும் தோட்டமும் மட்டும் பறிபோகவில்லை. எந்த இலை எந்நோய்க்கு உதவும் என்னும் மூதாதையரின் அறிவுத்தொடரும் அறுந்தது. புத்தளத்தில் பிறந்து, 2009க்குப் பின்னர் மீண்டு வந்த பிள்ளைகளுக்குத் தூதுவளை எதுவெனத் தெரியாதிருப்பதில் வியப்பில்லை.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அத்தர்மத்தை நம் முற்றத்திலேயே தொடங்கலாம்.

நமது மணற்பாங்கான நிலத்தில் நீர் நில்லாது. ஆகவே குழியில் சாணமும் மக்கிய சருகும் இட்டு, மாரி மழையோடு நடுங்கள். கற்பூரவள்ளித் தண்டை ஒடித்து ஊன்றினாலே வேர்பிடிக்கும். முருங்கை வறட்சியைத் தாங்கும். ஈரமும் நிழலும் விரும்பும் வல்லாரையை, வுழூச் செய்த நீர் வழிந்தோடும் இடத்தில் வையுங்கள். சவர்க்கார நீரை அதில் விடாதீர்கள். கிணற்று நீர் உவர்ப்பாயின் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். ஆடும் கழுதையும் நுழையாதவாறு வேலி அடையுங்கள்.

வல்லாரை சம்பலுக்கும், தூதுவளை இரசத்துக்கும் ஏற்றவை. சாதாரணத் தடிமனுக்குக் கற்பூரவள்ளிக் கசாயம் இதமளிக்கும். ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. மூச்சுத்திணறலோ நீடித்த காய்ச்சலோ கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

இளைஞர்களே! உங்கள் உம்மும்மா இன்னும் நம்மோடிருக்கிறாரா? இன்றே அவரை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் இலையின் பெயரையும் பயனையும் கேட்டறிந்து, ஒரு செடியேனும் நடுங்கள். அவருக்குப் பின் கேட்பதற்கு எவருமிலர்.