ஒரு நகரம், இரு பெயர்கள்: விக்கிப்பீடியாவில் பூசல் தீரும் விதம்

ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001 சனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரைக்கும் தனி உரிமையாளர் இல்லை. ஒருவர் எழுதியதை எவரும் மாற்றலாம் என்பதே அதன் அடிப்படை என்பதால், பூசலும் அதனுடனேயே பிறந்துவிட்டது. ஒருவர் சேர்த்ததை மற்றொருவர் நீக்குவதும், நீக்கியதை முன்னவர் மீண்டும் கொண்டுவருவதுமாக மாறி மாறித் தொடரும் நிலைக்குத் 'தொகுத்தல் போர்' என்று பெயர். அரசியலும் சமயமும்தான் இப்போரை மூட்டும் என்று கொள்வதற்கில்லை. தயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் 'எச்' என்னும் எழுத்து வேண்டுமா என்ற வழக்கு, வேண்டாம் என 2011இல் முடிவாகும்வரை பல ஆண்டுகள் இழுத்தது.

தயிர் வழக்கில் சிரிக்கலாம். கதான்ஸ்க் வழக்கில் சிரிக்க முடியாது. போலந்தின் பால்டிக் கரையிலுள்ள இத்துறைமுக நகரை 1308இல் செருமானியச் சமயப் படையான டியூட்டானிய வீரர் சபை கைப்பற்றியது. 1454இல் நகரம் அச்சபையை எதிர்த்துப் போலந்து மன்னரின் பக்கம் சேர்ந்தது. 1793இல் பிரசியாவுக்குப் போய், 1920 முதல் 1939 வரை தனி நகரமாக இருந்து, 1945இல் மீண்டும் போலந்திடம் வந்தது. செருமானியர் இதனை டான்சிக் என்பர். வெப்பமானியால் பெயர் பெற்ற ஃபாரன்ஹைட் 1686இல் பிறந்தது கதான்ஸ்க்கிலா, டான்சிக்கிலா என்று எழுதுவதிலேயே நகரம் யாருடையது என்ற கேள்வி ஒளிந்திருந்ததால், ஆங்கில விக்கிப்பீடியாவின் பல கட்டுரைகளில் இப்பெயர் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்பால் உண்மையை முடிவு செய்யலாகாது என்பது விக்கிப்பீடியாவின் கொள்கை. ஆயினும் 2005இல் இவ்வழக்கை வாக்கெடுப்பே முடித்துவைத்தது. 1308 முதல் 1945 வரையிலான செய்திகளில் டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்றும், ஐயமின்றிச் செருமானியர் அல்லது போலந்தினர் எனத்தக்கவரின் வாழ்க்கை வரலாற்றில் அவரவர் மொழிப் பெயர் என்றும், எப்பெயரை எழுதினும் அது முதன்முறை வருமிடத்தில் மற்றதையும் சுட்ட வேண்டும் என்றும் வகுத்தனர். வாக்களித்தவர்கள் வரலாற்று வழக்கில் தீர்ப்புச் சொல்லவில்லை; எழுதும் முறையை மட்டும் உறுதிசெய்தனர். அந்த அடக்கமே இம்முடிவின் வலிமை எனலாம்.

இத்தகைய வாக்கெடுப்பு அரிது. வழக்கமான பாதை, ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையாக உள்ள 'உரையாடல் பக்கம்'. அங்கே சான்றுகளை முன்வைத்துப் பேசி, பெரும்பாலோர் ஏற்கும் இணக்க முடிவை எட்ட முயல்வர். இருவருக்குள் தீராவிடில் தொடர்பற்ற மூன்றாமவரின் கருத்தைக் கேட்கலாம். அதிலும் தீராவிடில் பரந்த சமூகத்தின் கருத்தைக் கோரலாம். பேச்சு நடக்கையில் கை சும்மா இராது என்பதை அறிந்தே, ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் மாற்றத்தை நீக்குபவரைத் தடைசெய்யும் விதியை ஆங்கில விக்கிப்பீடியா 2004இல் கொண்டுவந்தது. வெளிப்படையான விசமத் தொகுப்பை நீக்குவோருக்கு இவ்விதி பொருந்தாது. எல்லா வழியும் அடைபட்டபின் அணுகவேண்டிய நடுவர் குழு 2004இன் தொடக்கம் முதல் இயங்குகிறது. அது தொகுப்போரின் நடத்தையை விசாரிக்குமேயன்றி, கட்டுரையில் எது சரி என்று சொல்லாது.

நடுவர் வரை போகாமல் பேச்சே பலித்த இடங்களும் உண்டு. இலங்கைப் போர்க்காலத்தில் தமிழ், சிங்களத் தொகுப்போர் ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் மோதிக்கொண்டபோது, இரு தரப்பினரும் சேர்ந்த நல்லிணக்கத் திட்டம் ஒன்று அங்கே உருவாகி, எந்த மூலத்தை எவ்வாறு சார்பு குறிப்பிட்டு மேற்கோள் காட்டலாம் என்பதைப் பேசித் தீர்த்தது.

இம்முறையில் குறையும் உண்டு. சான்று வலுவாக உள்ளவரைவிட நேரம் மிகுதியாக உள்ளவரே சில வேளை வெல்கிறார். சலித்து விலகியவரின் மௌனமும் இணக்கமாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் அச்சுக் கலைக்களஞ்சியத்தில் பதிப்பாசிரியரின் அறைக்குள் முடிந்துபோகும் வாதங்கள் இங்கே பெரும்பாலும் அழியாமல் கிடக்கின்றன. எனவே சர்ச்சைக்குரிய பொருளைப் படிப்பவர்கள் கட்டுரையோடு நின்றுவிடாமல், பக்கத்தின் மேலே உள்ள 'உரையாடல்' இணைப்பையும், முந்தைய மாற்றங்களைக் காட்டும் 'வரலாறு' இணைப்பையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.